நீதிபதியின் சுதந்திரம் யாருக்காக?

தமக்குப் பிடிக்காத உத்தரவொன்றைப் பிறப்பித்துவிட்டார் என்பதற்காக ஒரு நீதிபதியைப் பதவியை விட்டே விரட்ட வேண்டுமென்று நாட்டின் தலைவரே அறைகூவல் விடுத்தால், அந்த நாட்டில் நீதிக்கு ஏது காவல்? 2025 மார்ச் திங்களில் அமெரிக்காவில் எழுந்த கேள்வி இது.

வெனிசுலா நாட்டவர் பலரை, 1798ஆம் ஆண்டின் பழைய சட்டமொன்றைக் காட்டி நாடு கடத்துவதை நிறுத்திவைக்குமாறு வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் உத்தரவிட்டார். மூன்றாம் நாளே அவர்மீது பதவிநீக்க நடவடிக்கை வேண்டும் என்றார் ஜனாதிபதி டிரம்ப். அன்றைய தினமே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்காக நீதிபதியை நீக்க முற்படுவது முறையல்ல. இது இரண்டு நூற்றாண்டுகளாக நிலைபெற்றுவிட்ட மரபு என்பது அதன் சாரம்.

அந்த அறிக்கையை நாம் வரவேற்கிறோம். சட்டத்தின் ஆட்சியை மதிக்கும் எவரும் வரவேற்கத்தான் செய்வர். ஆனால், அதே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிலர் செல்வந்தர்களின் விருந்தாளிகளாக விமானத்திலும் உல்லாசக் கப்பலிலும் சென்றுவந்தது ஏன் என்று நாட்டு மக்கள் கேட்டபோதும், இதே 'நீதித்துறைச் சுதந்திரம்' என்ற கேடயம்தான் தூக்கிப் பிடிக்கப்பட்டது. இதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

தீர்ப்புக்காக நீதிபதியிடம் கணக்குக் கேட்பது வேறு. நடத்தைக்காகக் கணக்குக் கேட்பது வேறு. முன்னது நீதியைக் கொல்லும். பின்னது நீதியைக் காக்கும். இந்த வேறுபாட்டை ஆட்சியாளர்கள் ஒருபுறம் அழிக்கிறார்கள். நீதிபதிகள் மறுபுறம் மறைக்கிறார்கள். இடையில் நசுங்குபவன், நியாயம் கேட்டு நீதிமன்றப் படி ஏறும் எளியவன்.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் அமைப்பை முதலில் பார்ப்போம். மாவட்ட நீதிமன்றங்கள் 94. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 13. அவற்றின் உச்சியில் ஒன்பது நீதிபதிகளைக் கொண்ட உச்ச நீதிமன்றம். ஜனாதிபதி நியமிக்க, செனட் சபை ஒப்புதல் தர, பதவியேற்கும் இந்த நீதிபதிகள் நன்னடத்தை உள்ளவரை பதவியில் நீடிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. ஓய்வு வயது கிடையாது. பதவியில் இருக்கும் காலத்தில் அவர்களது ஊதியத்தைக் குறைக்கவும் கூடாது.

இத்தனை பாதுகாப்பு எதற்காக? நீதிபதி சொகுசாக வாழ்வதற்கா? இல்லை. அரசை எதிர்த்து வழக்காடும் ஏழை ஒருவன், 'ஆட்சியாளருக்கு அஞ்சி இந்த நீதிபதி என்னைக் கைவிட மாட்டார்' என்ற நம்பிக்கையோடு நிற்கவேண்டும் என்பதற்காக. நீதிபதிக்குத் தரப்பட்ட சுதந்திரம், உண்மையில் வழக்காடுபவனின் சொத்து. நீதிபதி அதன் காவலர்; உரிமையாளர் அல்லர்.

இந்தச் சுதந்திரத்தைக் காத்த வரலாறு அந்த நாட்டுக்கு உண்டு. 1804இல், உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் கட்சிக் கண்ணோட்டத்தோடு வழக்குகளை நடத்தினார் என்று கூறி, பிரதிநிதிகள் சபை அவர்மீது குற்றம் சாட்டியது. ஜனாதிபதி ஜெஃபர்சனின் கட்சிக்குச் செனட் சபையின் 34 இடங்களில் 25 இருந்தன. அவரைப் பதவிநீக்கம் செய்ய 23 வாக்குகளே போதும். ஆனால் 1805 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தபோது, எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் வாக்குக் கிடைக்கவில்லை. சேஸின் பேச்சையும் போக்கையும் வெறுத்தவர்கள்கூட, தீர்ப்புப் பிடிக்காததற்காக நீதிபதியைத் துரத்தும் வழக்கத்தைத் தொடங்கிவைக்க மறுத்துவிட்டார்கள். அன்று முதல் இன்றுவரை உச்ச நீதிமன்ற நீதிபதி வேறெவர்மீதும் பிரதிநிதிகள் சபை இத்தகைய குற்றச்சாட்டு நிறைவேற்றியதில்லை.

1937இல் மற்றொரு சோதனை. முந்தைய ஆண்டுத் தேர்தலில் 48 மாநிலங்களில் 46ஐ வென்று வந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பட்டினியால் வாடிய மக்களுக்காக அவர் கொண்டுவந்த சட்டங்கள் சிலவற்றை உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. கொதித்தெழுந்த அவர், எழுபது வயது கடந்தும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒருவராக, ஆறு பேர் வரை புதிய நீதிபதிகளைச் சேர்க்கத் திட்டமிட்டார். அவரது நோக்கம் மக்கள் நலம்தான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் வழி தவறானது. அவருடைய கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த செனட் சபையே 70க்கு 20 என்ற வாக்கில் அந்தத் திட்டத்தைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பிப் புதைத்துவிட்டது. தலைவரிடம் பற்று உண்டு, கட்சியிடம் பற்று உண்டு, அதற்காக நீதிமன்றத்தைக் கட்சியின் கிளைக் கழகமாக்க இசையோம் என்று நின்ற அந்த உறுப்பினர்களை நாம் பாராட்டுகிறோம். கட்சி நடத்தும் அனைவரும் கற்கவேண்டிய பாடம் அது.

இனி நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம்.

1966இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏப் போர்ட்டஸ், ஒரு நிதி முதலாளியின் குடும்ப அறக்கட்டளையிடமிருந்து 20,000 டாலர் பெற்றார். அந்த முதலாளியின் பங்கு வணிகம் அப்போது அரசின் விசாரணையில் இருந்தது. பணத்தைப் போர்ட்டஸ் அந்த ஆண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆயினும், 1969இல் செய்தி வெளியானபோது நாடு கொந்தளித்தது. அந்த ஆண்டு மே திங்களிலேயே அவர் பதவி விலகினார். அவரை விலகச் செய்தது எந்தச் சட்டமும் அல்ல, மானம்.

அரை நூற்றாண்டு கடந்தது. 2023 ஏப்ரலில், புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஒரு விவரத்தை வெளியிட்டது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், டெக்சாஸ் கோடீசுவரர் ஹார்லன் குரோவின் தனி விமானத்திலும் உல்லாசக் கப்பலிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணம் செய்துவந்திருக்கிறார். அந்தப் பயணங்கள் அவர் ஆண்டுதோறும் தரும் கணக்கில் இடம்பெறவில்லை. நெருங்கிய நண்பரின் விருந்தோம்பலைக் கணக்கில் காட்ட வேண்டியதில்லை என்று தமக்கு ஆலோசனை கூறப்பட்டதாகவும், அந்த நண்பருக்கு நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் இல்லை என்றும் தாமஸ் விளக்கம் தந்தார். ஜூன் திங்களில் அடுத்த செய்தி. நீதிபதி சாமுவேல் அலிட்டோ 2008இல் அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கச் சென்றது, பால் சிங்கர் என்ற நிதி நிறுவன அதிபரின் தனி விமானத்தில். 2014இல் அந்த அதிபரின் நிறுவனம் அர்ஜென்டினா அரசோடு நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 7க்கு 1 என்று நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தவர்களில் அலிட்டோவும் ஒருவர். அந்த நிறுவனத்தோடு சிங்கருக்குள்ள தொடர்பு தமக்குத் தெரியாது என்றும், விமானத்தில் காலியாக இருந்திருக்கக்கூடிய இருக்கையில்தான் தாம் அமர்ந்ததாகவும் அவர் பதில் கூறினார்.

இந்த விளக்கங்கள் உண்மையாகவே இருக்கட்டும். விருந்து தீர்ப்பை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாம் கேட்பது வேறு. வழக்கில் தோற்றவன் வீடு திரும்பும்போது என்ன எண்ணுவான்? 'என் வாதம் எடுபடவில்லை' என்று எண்ணினால் அவன் தோல்வியை ஏற்பான். அடுத்த முறையும் நீதிமன்றத்தையே நாடுவான். 'எதிரியின் விமானத்தில் பறந்தவர் எப்படி எனக்கு நீதி வழங்குவார்?' என்று எண்ணிவிட்டால்? நீதிமன்றத்துக்குப் படை இல்லை, கருவூலம் இல்லை. தோற்றவனும் அதன் சொல்லை ஏற்கிறான் என்பதே அதன் ஒரே வலிமை. அது போனபின் எஞ்சுவது கட்டடமும் கறுப்பு அங்கியும்தான்.

கீழமை நீதிபதிகளுக்கு அமெரிக்காவில் 1973 முதலே நடத்தை விதிகள் உண்டு. அவர்கள்மீது யாரும் முறையீடு செய்யலாம் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. ஆனால், அந்தச் சட்டம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரைத் தொடாது. அடிவாரத்தில் நிற்பவனுக்குக் கட்டுப்பாடு. சிகரத்தில் அமர்ந்தவருக்கு விதிவிலக்கு! கண்டனம் வலுத்தபின், 2023 நவம்பர் 13 அன்று ஒன்பது நீதிபதிகளும் கையொப்பமிட்ட நடத்தை விதித் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. நல்ல சொற்கள் அதில் நிறைய உண்டு. விதியை மீறினால் யாரிடம் முறையிடுவது, யார் விசாரிப்பது என்பது மட்டும் இல்லை. பூட்டு மாட்டினார்கள், சாவியைத் தங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? நேர்மையும் சுதந்திரமும் பொறுப்பும் ஒருங்கே அமைந்த கூட்டாட்சி நீதித்துறைக்கு இன்றியமையாதவை என்று நாம் கருதும் நெறிகள் ஐந்து.

முதலாவது: தீர்ப்புக்காக எந்த நீதிபதியையும் தண்டிக்கக் கூடாது, மிரட்டவும் கூடாது. மிரட்டல் வெறும் வாய்ச்சொல்லோடு நிற்பதில்லை. 2020 ஜூலையில், நியூ ஜெர்சியில் கூட்டாட்சி நீதிபதி ஒருவரின் இல்லத்துக்கு வந்த வழக்கறிஞன், அவருடைய இருபது வயது மகனைச் சுட்டுக் கொன்றான், கணவரும் படுகாயமுற்றார். இந்த நிலையில் நீதிபதிகளுக்குக் காவல் தரும் மார்ஷல் படை, ஆட்சித்துறையின் கட்டளைக்குக் கீழ் இயங்குகிறது. எந்த ஆட்சிக்கு எதிராக உத்தரவிடுகிறாரோ, அந்த ஆட்சியின் கையில் நீதிபதியின் உயிர்க்காவல் இருப்பது சரிதானா என்று அந்த நாட்டார் சிந்திக்கவேண்டும்.

இரண்டாவது: பரிசும் பங்கும் பகிரங்கமாகட்டும். 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏடு ஆராய்ந்து வெளியிட்டதைக் கேளுங்கள். தாங்களோ தங்கள் குடும்பத்தாரோ பங்கு வைத்திருந்த நிறுவனங்களின் வழக்குகளை, 131 கூட்டாட்சி நீதிபதிகள் விசாரித்திருக்கிறார்கள். அத்தகைய வழக்குகள் 685. இத்தகைய வழக்கிலிருந்து விலகவேண்டும் என்று சட்டம் இருந்தும் இந்த நிலை! அதன்பின் 2022 மே திங்களில், நீதிபதிகளின் கணக்குகளை எவரும் இணையத்தில் பார்க்க வகைசெய்யும் சட்டம் வந்தது. வெளிச்சம் வந்ததும் எவருடைய சுதந்திரமும் குறைந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, கணக்கோடு நில்லாமல் விலையுயர்ந்த பரிசுகளைப் பெறுவதையே தடுக்கவேண்டும் என்பது நமது கருத்து.

மூன்றாவது: தன் வழக்கில் தானே நீதிபதியாதல் கூடாது. ஒரு வழக்கிலிருந்து விலகவேண்டுமா என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அந்தந்த நீதிபதியே முடிவு செய்கிறார். காரணம் கூறவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மற்ற நீதிபதிகள் கூடி முடிவு செய்யட்டும். காரணத்தை எழுத்தில் தரட்டும்.

நான்காவது: வழக்காடுபவர் நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஒழியவேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் பதியப்படும் சிவில் வழக்கு ஏறக்குறைய முழுவதும் ஒரே நீதிபதியிடம் போய்ச் சேரும் வழக்கம் நிலவியது. 2022 நவம்பரில், கருக்கலைப்பு மருந்தொன்றுக்கு 2000ஆம் ஆண்டு தரப்பட்ட அனுமதியை எதிர்த்து அங்கே வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் அந்த ஒரு நீதிபதி, நாடு முழுவதற்குமான அனுமதியை நிறுத்திவைத்தார். வழக்குத் தொடுக்கவே அவர்களுக்கு உரிமையில்லை என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது. இத்தகைய வழக்குகளைக் குலுக்கல் முறையில் பல நீதிபதிகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்று நீதித்துறை மாநாடு 2024 மார்ச்சில் கூறியபோது, அந்த வட்டாரத்து நீதிமன்றம் இசையவில்லை. பரிந்துரை போதாது, விதி வேண்டும்.

ஐந்தாவது: பதவிக்கு ஒரு கால எல்லை. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா மறைந்தார். அடுத்த திங்களே ஜனாதிபதி ஒபாமா ஒருவரை முன்மொழிந்தார். தேர்தல் ஆண்டு என்று காரணம் காட்டி, செனட் சபை அவரை விசாரிக்கக்கூட மறுத்தது. 2020 செப்டம்பரில் நீதிபதி கின்ஸ்பர்க் மறைந்தபோது, தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கையில் புதியவருக்கு ஒப்புதல் தந்தது. ஒரு நீதிபதியின் மரண நாளை எண்ணிக் கட்சிகள் கணக்குப் போடுவது நீதிக்கு அழகா? பதினெட்டு ஆண்டு எல்லை வகுத்து, ஈராண்டுக்கு ஒருவர் என நியமிக்கலாம் என்ற யோசனையை 2024 ஜூலையில் ஜனாதிபதி பைடன் முன்வைத்தார். அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் இது கூடுமா என்பதில் சட்ட அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. யோசனை நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை.

இங்கே ஒரு வினா எழும். உச்ச நீதிமன்ற நீதிபதியின் நடத்தையை விசாரிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசிடம் தந்தால், பெரும்பான்மைக் கட்சி அதைச் சாட்டையாக்கிக்கொள்ளாதா? ஆக்கிக்கொள்ளும். அந்த அச்சம் பொய்யன்று. ஆகவேதான் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமும் தரவேண்டாம், ஆட்சியிடமும் தரவேண்டாம் என்கிறோம். அனுபவம் முதிர்ந்த கீழமை நீதிபதிகள் சிலர் கொண்ட குழு இதைச் செய்யலாம் என்று 2024 ஜூலையில் நீதிபதி எலினா கேகன் பகிரங்கமாகவே சொன்னார். உள்ளே இருப்பவரே காட்டிய வழி அது. அந்தக் குழு நீதிபதியை நீக்க வேண்டாம், சம்பளத்தில் கைவைக்க வேண்டாம். விசாரித்து, 'தவறு' என்றோ 'தவறில்லை' என்றோ காரணத்தோடு நாடறியச் சொல்லட்டும். தீர்ப்பின் பக்கம் அது திரும்பியும் பார்க்கக் கூடாது. வீண்பழி சுமத்தப்பட்ட நீதிபதிக்கும் அதுவே பெரிய பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1969இல் போர்ட்டஸ் விலகவேண்டுமென்று முன்னணியில் நின்று முழங்கியவர்கள் குடியரசுக் கட்சியினர். 2023இல் நடத்தை விதி வேண்டுமென்று முழங்கியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். தன் பக்கத்து நீதிபதி என்றால் மௌனம், எதிர்ப்பக்கத்து நீதிபதி என்றால் முழக்கம் என்றிருந்தால், நெறி என்ற சொல்லுக்கே பொருளில்லை.

கடல் கடந்த நாட்டின் கதை நமக்கெதற்கு என்பார் உண்டு. நமது நாட்டின் ஏடுகளையும் புரட்டிப் பார்க்கட்டும். 1976இல், நெருக்கடி நிலையிலும் மனிதனின் உயிருக்கும் உரிமைக்கும் நீதிமன்றக் காவல் உண்டு என்று தனியொருவராகத் தீர்ப்பெழுதினார் நீதிபதி எச். ஆர். கன்னா. 1977இல் அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி துறந்தார். தீர்ப்புக்காகக் கணக்குத் தீர்ப்பது என்றால் என்ன என்பதை நாமும் அறிவோம். நடத்தைக்கான கணக்கு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கும் நமது மண்ணில் ஒரு தொடக்கம் உண்டு. சுதந்திரம், நடுநிலை, நேர்மை, ஒழுங்கு, சமத்துவம், திறமையோடு கூடிய உழைப்பு என்று உலக நீதிபதிகளுக்கு ஆறு நெறிகள் முதன்முதல் வரையப்பட்டது 2001இல் பெங்களூரில். நமது உச்ச நீதிமன்றமும் 2025 மே திங்களில் நீதிபதிகளின் சொத்து விவரங்களைத் தன் இணையத்தளத்தில் வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. நீதிமன்றத்தின் மதிப்பு உயர்ந்தது.

ஆராயாமல் வழங்கிய தீர்ப்புக்காகத் தன் உயிரையே ஈடாகத் தந்த பாண்டியனின் கதையைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இன்றைய நீதிபதிகளிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. உண்மையாக ஆராய்ந்து தந்த தீர்ப்பு தவறிப்போனாலும் அவர்கள் தலைநிமிர்ந்து அமரட்டும். திருத்த மேல்மன்றம் இருக்கிறது. யார் வீட்டு விருந்தை உண்டீர்கள், யாருடைய விமானத்தில் ஏறினீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

தீர்ப்பெழுதும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று ஆட்சியாளரிடம் சொல்வோம். அந்தக் கையில் எவருடைய பரிசும் இருக்கக் கூடாது என்று நீதிபதியிடம் சொல்வோம். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்லும் துணிவு எந்த நாட்டு மக்களுக்கு இருக்கிறதோ, அந்த நாட்டில்தான் எளியவன் நீதிமன்றப் படியை நம்பி ஏறுவான்.